கார் ஒரு கண்ணாடி: லென்ஸ் ஃபில்டர் மாட்டிப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

புதுக் கார் எடுத்தவர்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்த படங்கள் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அடுத்த தடவை அப்படி ஒன்று வந்தால் பெரிதாக்கி, டிரைவர் பக்கக் கதவைக் கவனியுங்கள். படம் எடுத்தவர் அங்கே குந்தியிருப்பார். அவருக்குப் பின்னால் தேங்காய்க் கடை, மின்கம்பம், யாரோ ஒருவரின் டிவிஎஸ் ஃபிப்டி. பானட்டில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கும், அது வானம். முன்கண்ணாடி முழுக்க வேப்பமரம். அவர் எடுக்க நினைத்தது காரை. கேமராவுக்குள் போனது தெரு.

கும்பகோணம் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் முதல் கார் படம் இப்படித்தான் அமைந்தது. பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் கூப்பிட்டிருந்தார். கறுப்பு செடான், பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். உச்சி வெயிலில் நாற்பது படம் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, வண்டி நேர்ல நல்லாத்தானே இருக்கு? படத்துல பார்த்தா சாம்பல் பூத்த மாதிரி இருக்கே!" அவர் சொன்னது சரி. கறுப்புப் பெயிண்டின் மேல் வானம் வெளுத்துப் படிந்திருந்தது.

காரைப் பெயிண்ட் அடித்த தகரம் என்று நினைத்து எடுத்தால் இதுதான் நடக்கும். நல்ல பாலிஷில் இருக்கிற கார் ஒரு வளைந்த நிலைக்கண்ணாடி. அதில் எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று முடிவு செய்வதுதான் கார் படத்தில் பாதி வேலை. அந்த முடிவைச் செயல்படுத்துகிற சாமான்களில் மிகச் சின்னது லென்ஸ் ஃபில்டர்.

இங்கே ஃபில்டர் என்று நான் சொல்வது, லென்ஸின் முன்வாயில் திருகி மாட்டும் கண்ணாடி வட்டு. போனில் படம் எடுத்த பிறகு நிறம் மாற்றுகிற சமாச்சாரத்தையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம், ஆனால் அது வேறு. நிறத்தை அப்புறம் கணினியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக யாரும் இன்று கலர் ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. முன்கண்ணாடியை மூடிய வானத்தை விலக்கி உள்ளே இருப்பதைக் காட்டுவதும், சக்கரம் நிஜமாகச் சுற்றிய தடத்தைப் பதிவதும் எடுக்கிற நேரத்தில் சுலபம், பிற்பாடு கஷ்டம். ஃபில்டருக்குக் காசு கொடுப்பது அதற்காகத்தான்.

முதலில் போலரைசர்

கார் எடுப்பவர் ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் அது போலரைசர். கடையில் சி.பி.எல். (சர்க்குலர் போலரைசர்) என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

அது என்ன செய்கிறது? ஒளி ஓர் அலை. சூரியனிலிருந்து நேராக வரும்போது அது எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீர், கண்ணாடி, கார் பெயிண்டின் மேல் இருக்கும் பளபளப்பான கோட்டிங் போன்றவற்றில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, ஒரு திசையில் அதிர்வது மட்டும் மிகுதியாகத் திரும்பி வருகிறது. இப்போது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தட்டை நுழைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் உள்ளே போகும். படுக்கையாகப் பிடித்தால் கம்பியில் இடித்து நிற்கும். போலரைசர் அந்த ஜன்னல். தெறித்து வரும் ஒளி அந்தத் தட்டு. ஃபில்டரைத் திருகுவது என்பது ஜன்னலையே திருப்புவது.

பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1808இல் இதைக் கண்டதே ஜன்னலைப் பார்த்துத்தான். லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல் கண்ணாடிகளில் மாலைச் சூரியன் பட்டுத் தெறிப்பதை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடியும் குறைந்தும் வந்தது. எந்தக் கோணத்தில் இது உச்சமாக இருக்கும் என்ற கணக்கை 1815இல் ஸ்காட்லாந்துக்காரரான புரூஸ்டர் கொடுத்தார். கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 டிகிரி, தண்ணீருக்கு 53 டிகிரி. பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அதிலிருந்து அளப்பது இது. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், பரப்பை ஒட்டி 35 டிகிரி போலச் சரிவாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு போலரைசரை எவ்வளவு திருகினாலும் கதவில் தெரியும் உங்கள் உருவம் போகாது. காரின் முன்மூலைப் பக்கமாக நகர்ந்து, பக்கவாட்டைச் சரிவாகப் பாருங்கள். அப்போதுதான் வேலை செய்யும். கார் விளம்பரங்கள் பெரும்பாலும் முன்மூலையிலிருந்து எடுக்கப்படுவது வண்டியின் இரண்டு பக்கமும் தெரிவதற்காக. நமக்கு அந்தக் கோணத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது.

ஒருமுறை செய்து பாருங்கள். வெண்ணாற்றங்கரையில் ஒரு கார் நிற்கிறது, காலை எட்டு மணி. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வானம், அதில் ஒரு தென்னங்கீற்று. ஃபில்டரில் இரண்டு வளையம் இருக்கும். உள்வளையம் லென்ஸோடு நிற்கும், வெளிவளையம் சுழலும். வெளிவளையத்தை மெதுவாகத் திருகுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வடிவதுபோல வானம் கண்ணாடியிலிருந்து வடியத் தொடங்கும். முதலில் ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பு. பிறகு டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், அவர் காலடியில் காய்ந்த மல்லிகை, டோல்கேட் ரசீது. கால் சுற்று முடியும்போது கண்ணாடி இருப்பதே தெரியாது. இன்னொரு கால் சுற்றில் வானம் மறுபடி நிரம்பிவிடும்.

அதே நேரத்தில் குரோம் பட்டையைப் பாருங்கள். அதில் ஒன்றும் மாறியிருக்காது. வெறும் உலோகத்தில் தெறிக்கும் ஒளிக்கு இந்த வித்தை பலிக்காது. கிரில், குரோம் பம்பர் வைத்த பழைய அம்பாசடர் எடுக்கிறவர்கள் இதை எதிர்பார்த்தே நிற்க வேண்டும்.

இனி, புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம். பானட்டும் கூரையும் படுத்திருக்கும் பரப்புகள். கதவு நின்றிருக்கும் பரப்பு. இரண்டிலும் தெறிக்கும் ஒளியின் அதிர்வுத் திசை ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கிறது. ஆகவே பானட்டில் இருந்த வானத்தைத் துடைக்கும் நிலையில் ஃபில்டரை வைத்தால், கதவில் உள்ள பிம்பம் அப்படியே நிற்கும். கதவைத் துடைத்தால் பானட் வெளுக்கும். ஃபில்டர் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், இயற்கை அப்படித்தான். வழி என்னவென்றால், ட்ரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, பானட்டுக்கு ஒரு படம், கதவுக்கு ஒரு படம், முன்கண்ணாடிக்கு ஒரு படம் என்று திருகித் திருகி எடுத்து, கணினியில் வேண்டிய பகுதிகளை ஒட்டுவது. விளம்பரத்துக்கு எடுப்பவர்கள் செய்வது இதுதான். தொடங்குகிறவருக்கு இது அவசியம் இல்லை. எந்தப் பரப்பு இந்தப் படத்துக்கு முக்கியம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு மட்டும் திருகுங்கள்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல் சேரும், அதாவது வயல் தண்ணீர். புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு சமயம், வரப்புக்கு வரப்பு வானம் கிடக்கும். அந்த நேரத்தில் கார் படம் எடுக்க மன்னார்குடிப் பக்கம் போகிறவர்கள் அந்த வானத்துக்காகத்தான் போகிறார்கள். ஆனால் வயல் தண்ணீரும் பானட்டைப் போலப் படுத்திருக்கும் பரப்பு. பானட்டைத் துடைக்கிறேன் என்று ஃபில்டரைத் திருகினால் வயலில் கிடந்த மேகமெல்லாம் காணாமல் போய், அடியில் இருக்கும் சேறு மேலே வந்துவிடும். அழகான சேறுதான், ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் இப்படிப்பட்ட இடத்தில் ஃபில்டரைப் பாதியோடு நிறுத்துவேன். பானட்டில் கொஞ்சம் வானம் இருக்கட்டும்.

சொல்லப்போனால், முழுக்கத் துடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு என்று நினைக்கிறேன். கறுப்புக் காரில் எல்லாப் பிம்பத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கரிக்கட்டை. வளைவு தெரியாது, மடிப்பு தெரியாது. கதவின் ஓரமாக நெளிந்து போகும் ஒரு வெள்ளைக் கோடுதான் அந்தக் கதவு வளைந்திருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்கிறது. அந்தக் கோட்டை இருக்கவிட்டு, தேங்காய்க் கடையை மட்டும் துடைக்க வேண்டும். வெள்ளைக் காருக்கோ பெயிண்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடிகளுக்கு மட்டும் போலரைசர் உதவும்.

பக்கக் கண்ணாடி பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்து வாங்கிய எஸ்யூவியைப் படம் எடுத்துக் கொடுத்தேன். பின் ஜன்னலில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக, இலேசான வானவில் நிறத்தில் கறை. "கண்ணாடி மாத்திட்டாங்களா? ஷோரூம்ல கேக்கணும்" என்று அவர் கோபமாகக் கிளம்பிவிட்டார். நானும் முதலில் எண்ணெய்க் கறை என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியவை. அந்த இறுக்கம் கண்ணாடிக்குள் தங்கியிருக்கிறது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத அதை போலரைசர் காட்டிக்கொடுத்துவிடும். முன்கண்ணாடி இரண்டு தகடுகளை நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய வேறு வகை. அதில் இந்தப் புள்ளி வரிசை வராது. புள்ளி தெரிந்தால் ஃபில்டரைக் கொஞ்சம் திருப்புங்கள், அல்லது நீங்கள் ஓரடி நகருங்கள். ஓனரிடம் படம் காட்டுவதற்கு முன்னால்.

வானத்தை அடர்நீலமாக்கவும் இதே ஃபில்டர் உதவும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் இல்லை. அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கறுத்து, இரண்டு பக்கமும் வெளுத்து, திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். மேகமூட்டமான நாளில் வானத்துக்குப் பயன் இல்லை, ஆனால் காரின் மேல் உள்ள பளபளப்பை அடக்க அன்றும் உதவும். ஐப்பசி மழை விட்ட மத்தியானங்களில் நான் அதைக் கழற்றுவதே இல்லை. ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஓடுகிற கார், நிற்கிற தண்ணீர்

அடுத்தது என்.டி. (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. என்.டி. 8 என்றால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 ஸ்டாப். என்.டி. 64 என்றால் 6 ஸ்டாப். என்.டி. 1000 என்றால் 10 ஸ்டாப்.

வெளிச்சத்தை ஏன் வேண்டுமென்றே குறைக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் திறந்திருப்பது ஏறத்தாழ 1/400 நொடி. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருளும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 6 சுற்று. 1/400 நொடியில் சக்கரம் திரும்புவது 5 டிகிரிதான். படத்தில் கார் நடுரோட்டில் நிறுத்தி வைத்த மாதிரியே இருக்கும். என்.டி. 8 மாட்டினால் ஷட்டர் 1/50க்கு இறங்கும். அதே சக்கரம் 43 டிகிரி திரும்பும். ஆரக்கால்கள் கரைந்து வட்டமாகும், சாலை கோடு கோடாக ஓடும். ஃபில்டர் இல்லாமல் அப்பர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கியும் ஷட்டரை இறக்கலாம். ஆனால் படம் மழுங்கும், சென்சாரில் இருக்கும் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் புள்ளியாக உட்காரும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்றியவர்களுக்கு அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை தெரியும்.

ஓடும் இன்னொரு காரிலிருந்து எடுப்பதை முதல் நாளே முயல வேண்டாம். ஜன்னலில் தொங்கிக்கொண்டு எடுப்பதை எந்த நாளும் வேண்டாம். ரோட்டோரம் பத்திரமான இடத்தில் நின்று, கடந்து போகும் காரோடு கேமராவையும் இடுப்பிலிருந்து திருப்பிக்கொண்டே அமுக்கிப் பழகுங்கள். இருபதில் ஒன்று தேறும். எனக்கு இன்றும் கணக்கு அப்படித்தான். ஓட்டுகிறவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். அறுவடை சமயத்தில் நம் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன் மேல் வண்டியை ஏற்றிப் படம் எடுக்கிறவனுக்குக் கிடைக்கும் மரியாதையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

என்.டி. 1000க்கு வேறு வேலை. மேட்டூரைத் திறந்து சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, ஆறு, வாய்க்கால் எல்லாம் ஓடத் தொடங்கும் நாட்களில் இதை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மதகடிக்குப் போங்கள். கரையில் கார் நிற்கட்டும். சூரியன் இறங்கிய வெளிச்சத்தில் 1/30 நொடி என்று கேமராவின் ஒளிமீட்டர் காட்டினால், ஃபில்டர் மாட்டிய பிறகு 33 நொடி திறந்து வைக்க வேண்டும். கொப்பளிக்கும் நுரை பஞ்சாகும், மேகம் இழுபடும், பயிர் பச்சைப் புகையாகும். நடுவே கார் மட்டும் நறுக்கென்று நிற்கும். இந்த முரண்தான் படம்.

இதில் கைத்தொழில் ரகசியம் ஒன்றிரண்டு. ஃபோகஸை முதலில் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் ஃபில்டரைத் திருக வேண்டும். மாட்டிய பின் கேமராவுக்குக் கண் தெரியாது. டி.எஸ்.எல்.ஆர். என்றால் கண் வைத்துப் பார்க்கும் துளையை மூடுங்கள், அதன் வழியாகவும் வெளிச்சம் கசியும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஏ.சி. காற்றுக்காக உள்ளே உட்கார்ந்திருக்கும் மாமாவையும் கீழே இறங்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மேல் நிற்கும் வண்டி அவர் ஒருமுறை திரும்பி உட்கார்ந்தாலே ஆடும். 33 நொடி நீண்ட நேரம்.

வளையத்தைத் திருகினால் இருட்டு கூடிக் குறையும் வேரியபிள் என்.டி. என்று ஒன்று உண்டு. அது இரண்டு போலரைசரை ஒன்றன் முன் ஒன்றாகச் சுழலும்படி அடுக்கியது. வீடியோவுக்கு வசதி. கடைசி எல்லை வரை திருகினால் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் நிழல் விழும்.

மட்டமான நிலம்

பாதி கறுப்பு, பாதி தெளிவு என்று இருக்கும் கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டரை மலைநாட்டில் எடுப்பவர்கள் திட்டுவார்கள். கறுப்பு முடியும் கோடு நேராக இருக்கும், மலை நேராக இருக்காது. நமக்கு அந்தக் குறை இல்லை. திருவாரூரிலிருந்து வேதாரண்யம் வரை எங்கே நின்றாலும் அடிவானம் மட்டப்பலகை வைத்துக் கோடு போட்ட மாதிரிதான் இருக்கும். அஸ்தமன வானத்தின் மேல் கறுப்புப் பாதியை இறக்கினால் வானத்தின் சிவப்பும் நிற்கும், காரின் நிறமும் தெரியும். நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பனைமரங்கள் எப்படியும் நிழலுருவம்தான், அவற்றுக்கு நஷ்டம் இல்லை.

நஷ்டம் காருக்குத்தான். தாழக் குந்தி எடுத்தால் காரின் மேல்பாதி அடிவானத்துக்கு மேலே போய்விடும். கண்ணாடிக்கு மேலே கூரை முழுக்கக் கறுத்து, தொப்பி போட்ட மாதிரி ஆகும். மதகுச் சுவரிலோ டிராக்டர் டிப்பரிலோ ஏறி நின்று, அடிவானக் கோடு கூரைக்கு மேலே ஓடும்படி பார்த்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஏற இடம் இல்லையென்றால் இந்த ஃபில்டரைப் பையிலேயே விட்டுவிட்டு, வானத்துக்கு ஒன்று காருக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து ஒட்டுங்கள்.

ஹெட்லைட்டைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒளி கசியவைக்கும் மிஸ்ட் ஃபில்டர், ஒளிப்புள்ளியை நட்சத்திரமாக்கும் ஸ்டார் ஃபில்டர் எல்லாம் ராத்திரிச் சமாச்சாரம். மிஸ்ட் வகையில் மிக மெல்லியதாக வாங்கினால் போதும். ஸ்டார் எனக்குப் பிடிக்காது. பழைய கல்யாண ஆல்பம் ஞாபகம் வருகிறது. மார்கழி விடியலில் கொள்ளிடக் கரைக்குப் போனால் மிஸ்ட்டைக் காசில்லாமல் ஆறே தருகிறது.

வாங்கும்போது

லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 52, 58, 67, 77 என்று ஏதாவது எண் இருக்கும். மி.மீ. கணக்கில் அதுதான் ஃபில்டர் அளவு. லென்ஸுக்கு லென்ஸ் தனித்தனியாக வாங்கிச் செலவழிக்க வேண்டாம். உங்களிடம் இருப்பதில் பெரிய அளவுக்கு ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அகல லென்ஸில் இரண்டு மூன்று ஃபில்டரை அடுக்கினால் படத்தின் நான்கு மூலையும் இருளும். பாதுகாப்புக்கென்று எப்போதும் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டரை இரவில் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஹெட்லைட் படத்தில் நாலாகத் தெரியும். மிக மலிவான என்.டி. படத்துக்குச் செம்மண் சாயம் பூசும். போலரைசரில் பழைய லீனியர் வகை விலை குறைவாகக் கிடைத்தாலும், ஆட்டோ ஃபோகஸ் கேமராவுக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா? போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைப் போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நிறம் கொஞ்சம் மாறும். ஆனால் முன்கண்ணாடியில் வானம் வடிவதை இன்றைக்கே பார்த்துவிடலாம்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஏ.சி. காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் ஃபில்டர் மேல் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், துணியில் இருக்கிற மணல் கீறலும் போடும். பையை மூடியபடியே பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரமும் தூசியும் சேர்ந்து இரண்டு ஃபில்டர் வளையங்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதும் உண்டு. கொறடு போட வேண்டாம், வளையம் நசுங்கிவிடும். அழுத்திப் பிடிக்காமல், வெளிவளையத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, விரல் நுனிகளால் மட்டும் மெதுவாகத் திருகுங்கள். கழன்று வரும்.